நல்ல செய்தியை மூன்று முறை கேட்டவர்

"8 நவம்பர், வெள்ளி, காலை 8.10. நீலம். அண்ணே உறைய வைத்தது. வீசாதீங்க."

கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியின் மேல் ஒட்டிய வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் எழுதியது இது. அந்த 'அண்ணே' நான்தான். புட்டி இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உள்ளே இருப்பது தங்கம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அடியில் கொஞ்சம் கறுப்புப் பொடி, மேலே தெளிந்த நீர், அவ்வளவுதான். குலுக்கினால் சற்று நேரம் ஊதா கலந்த நீலம் எழும்பி, மறுபடி அடங்கிவிடும்.

எழுதியவரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒரு முறை கேட்டாலே நான் விட்டிருப்பேன். அவர் மூன்று முறை கேட்டார்.

நான் ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஆய்வக உதவியாளர். கருவிகளைத் துடைப்பது, சாவிகளைக் காப்பது, வந்தது போனதை எழுதுவது என் வேலை. எழுதுவது என்பது சம்பளத்துக்காக வந்த பழக்கம் அல்ல. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தெருவில் எந்தக் கடை எந்த நாளில் திறந்தது, எந்த நாளில் பலகையைக் கழற்றியது என்று பல வருடங்களாகக் குறித்து வருகிறேன். "இதை யாரு படிக்கப்போறா?" என்று என் மனைவி கேட்பாள். படிக்க ஒருவர் வந்தார் என்பதுதான் இந்தக் கதை.

அந்தப் பெண்மணி எங்கள் துறைக்கு முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தபோது அவருக்கு நாற்பது வயது. அதற்கு முன் சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம், தரம் பார்க்கும் பிரிவில். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பட்டம் வாங்கி, பிறகு முழு நேரமாக இங்கே வந்துவிட்டார். முதல் நாள் லேசர் அறைச் சாவியைக் கேட்டு என்னிடம் வந்தார்.

"லேசர் ஆஃப்ல இருக்காண்ணே?"

"ஆஃப்தான்மா."

"கடைசியா யாரு ஆஃப் பண்ணா?"

"நான்தான்."

"எத்தன மணிக்கி?"

"நேத்து 6.15." குறிப்பேட்டைக் காட்டினேன்.

அந்தப் பக்கத்தை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, சிலர் கோயிலில் அப்படிப் பார்ப்பார்கள். பிறகு தெரிந்துகொண்டேன். லேசர் எரிகிறது என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டார். கெட்ட செய்தியை அவர் உடனே ஏற்றுக்கொள்வார். நல்ல செய்தி என்றால் மூன்று முறை கேட்பார். அதே கேள்வியை அல்ல. ஒரு வீட்டுக்குள் முன்வாசல், பின்வாசல், பக்கத்துச் சந்து என்று மூன்று வழியாக நுழைந்து பார்ப்பதுபோலக் கேட்பார்.

"பன்னெண்டு வருசம் சர்க்யூட் போர்டு பாத்தவண்ணே நான்," என்பார். "ரிஜெக்ட் பொய் சொல்லாது. பாஸ் ஆனதுதான் பொய் சொல்லும்."

அவர் வீடு போர்ட் கிள்ளானில். மாலையில் சென்ட்ரல் ரயில் நிலையம்வரை சேர்ந்து வருவோம். ரயில் அரை மணி தாமதம் என்று அறிவித்தால், சரி என்று நடைமேடையில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்துவிடுவார். இரண்டு நிமிடத்தில் வருகிறது என்று அறிவித்தால்தான் வேதனை. நடைமேடைக் காவலரைத் தேடிப் போவார். போர்ட் கிள்ளான் ரயில்தானா? ஷா ஆலமில் நிற்குமா? இதற்கு முந்தையது சரியான நேரத்துக்கு வந்ததா? காவலர் ஒரு மலாய்க்கார இளைஞர். சில மாதங்களில் அவர் பழகிவிட்டார். இவர் தலை தெரிந்ததும் தூரத்திலிருந்தே மூன்று விரலைக் காட்டி, "பெத்துல், காக்! பெத்துல்! பெத்துல்!" என்று மூன்று முறை 'உண்மைதான், அக்கா' சொல்லி அனுப்பிவைப்பார்.

அவருடைய அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருமுறை மருத்துவமனையில் இருதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மகள் விடவில்லை. இரண்டாவது டாக்டர், மூன்றாவது டாக்டர். எல்லாரும் அதையே சொன்னார்கள். பெரியவர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, மூணு டாக்டரும் நான் நல்லா இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இதுக்கு மேல சாகணும்னா நான் யாருகிட்டப் போயி பெர்மிட் வாங்குறது?"

அவருடைய ஆராய்ச்சி வைரத்தைப் பற்றியது. வைரம் என்றதும் என் மனைவிக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மூக்குத்தி வாங்கப் போனபோது, "தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, அவதான் வைரம் படிக்கிறவ," என்றாள். என் குறிப்பின்படி அது ஜூன் 15, சனிக்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நகைக்கடை.

கடைக்காரர் வெல்வெட் துணியில் கல்லை வைத்தார். "தோஷமே இல்லாத கல்லுக்கா. புள்ளி கெடையாது, கீறல் கெடையாது."

"தோஷம் உள்ளது இருந்தா காட்டுங்களேன்," என்றார் இவர்.

கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். "என்னக்கா நீங்க? மங்களகரமா வந்திருக்கீங்க. தோஷக் கல்லு என்ன செய்யும் தெரியுமா?"

"தெரியும். வெளிச்சம் குடுக்கும்."

கடையில் கூட்டம் இல்லை. விளக்கம் தொடங்கிவிட்டது. "வைரம் ஃபுல்லா கார்பன்தாண்ணே. கொமுட்டர் ரயில்ல எல்லா ஸீட்லயும் ஒரே யூனிஃபார்ம் போட்ட ஆளுங்க உக்காந்திருக்கற மாதிரி. நடுவுல ஒரு ஸீட்ல மட்டும் வேற ஆளு, நைட்ரஜன். அவருக்குப் பக்கத்து ஸீட் காலி. அவ்வளவுதான் குறை. அதுமேல பச்சை லேசர் அடிச்சா அந்த இடம் மட்டும் செவப்பா மின்னும். குறை இல்லாத எடம் சும்மாதான் கெடக்கும். பன்னெண்டு வருசம் குறை இருந்தா தூக்கிப் போட்டேன். இப்ப குறை எங்கன்னு தேடிப் போறேன்."

கடைக்காரருக்கு ஆர்வம் வந்துவிட்டது. "தங்கத்துல வெச்சுக் கட்டுனா இன்னும் மின்னுமேக்கா. அதானே எங்க தொழிலு."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் என் தொழிலும். ஆனா எவ்வளவு கிட்ட வெப்பீங்க?"

"ஒட்டித்தான்."

"என் தங்கம் கண்ணுக்குத் தெரியாத பொடி. என் வைரமும் பொடி. பக்கத்துல வெச்சா தங்கம் அந்த வெளிச்சத்தத் தூக்கிக் குடுக்கும், வைரமும் சீக்கிரம் சீக்கிரமா மின்னும். ஒட்டிட்டா தங்கமே வெளிச்சத்த முழுங்கிரும். நடுவுல ஒரு எடைவெளி இருக்கு. அது எவ்வளவுன்னுதான் நாலு வருசமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

"தங்கச்சி," என்றாள் என் மனைவி, "எனக்கு மூக்குத்தி உண்டா இல்லையா?"

உண்டு. ஆனால் தோஷம் இல்லை என்பது நல்ல செய்தி அல்லவா? அதையும் மூன்று வழியாகக் கேட்டுவிட்டுத்தான் விட்டார். கடைசியில் கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தங்கப் பொடியை அவரே செய்வார். தங்க உப்பு என்று ஒன்று உண்டு. அதை நீரில் கரைத்து, கொதிக்கவைத்து, சிட்ரேட் என்ற இன்னோர் உப்பைச் சேர்த்தால், வெளிர்மஞ்சள் நீர் கறுத்து, பிறகு மெல்லச் சிவந்து, விருந்துகளில் கொடுக்கும் சீராப் சர்பத்தின் நிறத்துக்கு வந்து நிற்கும். அந்தச் சிவப்புதான் தங்கத் துகள்கள் தனித்தனியாக மிதக்கின்றன என்பதற்கு அடையாளம். உறையவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிவப்பு போய்விடும், திரும்ப வராது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தார். தெரிந்தே செய்தேன் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அந்த நவம்பரில் அவருக்கு இருந்த நெருக்கடி இதுதான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு டிசம்பரோடு முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. ஒரே ஒரு அளவீடு பாக்கி. அதற்கான நுண்ணோக்கி எங்களிடம் இல்லை, வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கட்டம் கட்டமாகக் கோடு கீறிய ஒரு கண்ணாடித் தகட்டில் வைரப் பொடியைத் தூவி, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் புள்ளி எவ்வளவு மின்னுகிறது என்று அக்டோபரில் அங்கே அளந்து வந்திருந்தார். அதே தகட்டில் தங்கத்தைத் தெளித்து அதே புள்ளிகளை மறுபடி அளக்க வேண்டும். அதற்கு அவர்கள் கொடுத்த நாள் நவம்பர் 11, திங்கட்கிழமை. தங்க உப்பு தீர்ந்துவிட்டது, அடுத்தது வரப் பல வாரம். செய்துவைத்த சீராப் நிறத் தங்கம் ஒரு புட்டிதான். அது குளிர்ப்பெட்டியில் இருந்தது.

எங்கள் நடைவழியில் இரண்டு குளிர்ப்பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வலது பக்கம் சாப்பாட்டுக்கு, இடது பக்கம் ரசாயனத்துக்கு. இரண்டும் ஒரே நாளில், ஒரே லோரியில் வந்தவை. அந்தத் தேதிகூட என்னிடம் உண்டு. இரண்டுக்கும் குளிரைக் கூட்டும் குமிழ் கதவுக்கு மேலே வெளியில்தான். வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கும் துறையின் தீபாவளித் திறந்த இல்லம் 7ஆம் தேதி வியாழன் மதியம். முந்தின நாள் மாலை, துண்டு துண்டாக வெட்டிய ஐஸ்கிரீம் போத்தோங் ஆறு பெட்டி வாங்கிவந்து வலது பெட்டியில் அடுக்கினேன். அதற்குள் கைப்பேசி அடித்தது. வாசல் காவலர், புட்டு மாயம் என்கிற இடியப்பம் கொண்டுவரும் ஆன்டியின் வண்டி எண்ணைக் கேட்டார். பேசிக்கொண்டே எட்டிக் குமிழைக் கடைசிவரை திருப்பினேன்.

வியாழன் மதியம் ஐஸ்கிரீம் கூழாகக் கிடந்தது. "ஃப்ரிட்ஜ் ரொசாக் ஆயிருச்சு," என்று எல்லாரிடமும் சொன்னேன். பழுது என்று பராமரிப்புப் பிரிவுக்குக் கடிதமும் எழுதினேன். பிள்ளைகள் கரண்டியால் குடித்தார்கள். இவர் இரண்டு கிண்ணம் குடித்து, "ஐஸ்கிரீம் பாயசம், சூப்பர் லா அண்ணே," என்றார். இடது பெட்டியை அன்று யாரும் திறக்கவில்லை.

வெள்ளி காலை 7.40. இடது பெட்டியின் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"போச்சு," என்றார். ஒரே ஒரு முறை.

"என்னம்மா போச்சு?"

"தங்கம். கல்லா ஒறஞ்சு கெடக்கு."

அண்ணாந்து பார்த்தேன். இடது குமிழ் கடைசி எண்ணில் இருந்தது. வலது குமிழ் தொடப்படாமல் இருந்தது. ஐஸ்கிரீம் உருகியதற்கும் தங்கம் உறைந்ததற்கும் ஒரே விரல்தான் காரணம் என்று புரிய எனக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"மா... அது நான்தான். ஐஸ்கிரீமுக்குன்னு திருப்புனேன். பக்கத்துக் குமிழத் திருப்பிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நான்கு வருட வேலை அது.

"எத்தன மணிக்கி திருப்புனீங்க?"

"புதன் சாயங்காலம், அஞ்சு நாப்பது."

"சுமாராச் சொல்றீங்களா?"

"எழுதி வெச்சிருக்கேன்." சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். 'புதன், மா. 5.40. குளிர்ப்பெட்டியை முழுக் குளிருக்கு வைத்தேன்.'

அவர் முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "அலாமாக், அண்ணே! கொலையும் பண்ணிட்டு மணியப் போட்டு எழுதி வெச்சிருக்கற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் லா!"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் ஆய்வுக் குறிப்பேட்டில் என் வரியை அப்படியே எடுத்து எழுதினார். எப்போது உறையத் தொடங்கியது, எப்போது வெளியே எடுத்தது, எப்போது உருகியது. 8.10க்குப் புட்டி முழுவதும் உருகி, சிவப்பே இல்லாமல் நீலமாக நின்றது. சங்குப்பூ ஊறிய நீரைப்போல இருந்தது. தாளை ஒட்டி, தொடக்கத்தில் நான் காட்டிய வரிகளை அப்போதுதான் எழுதினார்.

பிறகு வெகுநேரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, செவப்புத் தங்கம் பச்சை வெளிச்சத்தத்தான் நல்லாப் புடிக்கும். கூட்டமா ஒட்டி நீலமானது செவப்பு வெளிச்சத்தோடயும் பேசும். நம்ம வைரம் விடறது செவப்பு."

"அப்ப நல்லதா?"

"நல்லது மாதிரிதான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

சனிக்கிழமை அந்த நீலத்தைத் தகட்டில் தெளித்தார். திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்து என் காரிலேயே அவரை அழைத்துப் போனேன். மூட்டையைக் கவிழ்த்தவன் வண்டியாவது ஓட்ட வேண்டாமா?

இருட்டறை. திரையில் கறுப்புப் பின்னணியில் சிவப்புப் புள்ளிகள். அக்டோபர் படத்தை அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தோம். முன்பு பளிச்சென்று இருந்தவை பெரும்பாலும் மங்கிக் கிடந்தன. சில காணவே இல்லை. அவர் ஒவ்வொன்றையும் அமைதியாகக் குறித்துக்கொண்டார். "ஒட்டிருச்சு, முழுங்கிருச்சு. இதுவும் முழுங்கிருச்சு. இது சரி." கடையில் காய்கறி பொறுக்குவதுபோன்ற குரல்.

பிற்பகல் 2.25க்கு D7 என்ற கட்டம் வந்தது. அக்டோபர் படத்தில் அங்கே ஒரு சுமாரான புள்ளி. இப்போது அது திரையில் மற்ற எல்லாவற்றையும்விட மின்னியது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மா! மின்னுது மா!"

"மின்னுது. உக்காருங்க."

"இனிப்பு வாங்கிட்டு வரட்டா?"

"அண்ணே, உக்காருங்க லா. இன்னும் ஒரு கேள்விகூடக் கேக்கல."

முதல் கேள்வி: இந்த வெளிச்சம் தங்கத்தினுடையதா? தங்கமும் கொஞ்சம் மின்னும், ஆனால் லேசர் பட்டதும் உடனே அணைந்துவிடும். அந்த முதல் கணத்தை வெட்டிவிட்டுப் பார்த்தார். வெளிச்சம் குறைந்தது, ஆனாலும் அக்டோபரைவிட அதிகம். இரண்டாவது: வைரம் அவசரப்படுகிறதா? லேசர் பட்டபின் வைரத்தின் குறை ஒரு சிறு பொழுது காத்திருந்துதான் ஒளியை விடும். தங்கம் விழுங்கினாலும் அந்தக் காத்திருப்பு குறையும், ஆனால் அப்போது வெளிச்சமும் குறையும். வெளிச்சம் கூடி, காத்திருப்பும் குறைந்தால்தான் தங்கம் உதவுகிறது என்று பொருள். அளந்தார். காத்திருப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது.

"அவசரம் வந்துருச்சு," என்றார். குரல் அவருடையதுபோலவே இல்லை.

"அப்ப இனிப்பு?"

"மூணாவது இருக்கு." திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இது ஒரு வைரமா, ரெண்டா? தெளிச்ச தண்ணி காயும்போது பக்கத்து வைரத்த இழுத்துட்டு வந்து கூட உக்கார வெச்சிருக்கலாம். ரெண்டு பேரு சேந்து பாடுனா சத்தம் கூடத்தான் செய்யும். அது வெளிச்சத்துல தெரியாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில பாக்கணும்." அது அங்கே இல்லை. எங்களுடையது பழுதாகி, உதிரிப் பாகத்துக்காகக் காத்திருந்தது.

திரும்பி வந்தோம். நெடுஞ்சாலையில் நெரிசல். கிள்ளான் பக்கம் மழை. சுங்கச் சாவடி தாண்டியதும் திடீரென்று கேட்டார்: "அண்ணே, நான் சந்தோசமா இருக்கேனா?"

"இருக்கம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"அரை மணியா சீட் பெல்ட்டத் தாளம் போட்டுக்கிட்டு வர்ற."

அவர் கையைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். கடைசி அத்தியாயம் முழுவதும் மங்கிய புள்ளிகளைப் பற்றியது. ஒட்டிய தங்கம் வைரத்தின் ஒளியை எப்படி விழுங்குகிறது என்று, கட்டம் கட்டமாக. மின்னிய D7க்குக் கடைசியில் ஒரே ஒரு பத்தி. தேர்வாளர் ஒருவர், "இதையல்லவா முதலில் போட்டிருக்க வேண்டும்?" என்று கேட்டாராம். "அது பாக்கறதுக்கு அழகா இருக்கு சார், ஆனா ஒரு தடவதான் நடந்துச்சு. மங்குனது ஒவ்வொரு கட்டத்துலயும் நடந்துச்சு. நான் அதைத்தான் நம்புறேன்," என்றாராம்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை பேராசிரியர் முடிவைச் சொல்ல அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கைப்பேசியில் இவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. "பாஸா?" பிறகு, "திருத்தம் ஒண்ணும் இல்லாமயா?" பிறகு கொஞ்சம் தயங்கி, "என் பேரத்தான் படிச்சீங்களா ப்ரோஃப்?"

அன்று மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. அவர் அப்பாவும் போர்ட் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தார். "இனி எனக்கு ஒடம்புக்கு முடியலன்னா வீட்டுலயே நாலாவது டாக்டர் இருக்கு," என்று பரிமாறுகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பையிலிருந்து ஐஸ்கிரீம் போத்தோங் பெட்டியை எடுத்து என் இலைக்கு முன்னால் வைத்தார். "உருகறதுக்குள்ள சாப்புடுங்கண்ணே. குமிழத் திருப்ப இங்க ஆளு கெடையாது." ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தையும் காட்டினார். பேராசிரியர், அப்பா, அவர்களுக்குக் கீழே: 'தவறைச் செய்து, அதை மணி தவறாமல் எழுதிவைத்தவருக்கு.' என் குறிப்பை ஒருவர் படித்தார் என்று சொன்னது இதைத்தான். என் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, என் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.

இப்போது அவர் பூச்சோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். அங்கே எலெக்ட்ரான் நுண்ணோக்கி உண்டு. அந்தக் கண்ணாடித் தகடும் அவரிடம்தான், பஞ்சு சுற்றிய ஒரு டப்பியில். போன வாரம் அழைத்தபோது கேட்டேன்.

"D7ஐப் பாத்தியாம்மா?"

"இன்னும் இல்லண்ணே."

"பயமா?"

"ரெண்டுன்னு வந்தா சரின்னு வெச்சிட்டுப் போயிருவேன். ஒண்ணுன்னு வந்துட்டா மறுபடி மூணு தடவ பாக்கணுமே. அவ்வளவு நேரம் இங்க குடுக்க மாட்டாங்க லா." சிரித்தார். "பாப்போம். நீங்க தேதியப் போட்டு எழுதி வெச்சிக்குங்க."

எழுதிவைக்கிறேன். நவம்பர் 11, திங்கட்கிழமை, பிற்பகல் 2.25க்கு, நான் உறையவைத்த தங்கத்தின் பக்கத்தில் D7 கட்டத்தில் மின்னியது ஒரு வைரமா இரண்டா என்பது, இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.